தேதி தெரியாத காத்திருப்பு: மன அழுத்தம் பற்றி வாசகர் கேள்விகள்

சம்பா அறுவடை முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த முறை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. எழுதியவர்களின் தொழிலும் வயதும் வேறு வேறு என்றாலும், தூக்கம் கெட்டதையும் நெஞ்சு படபடப்பதையும் எழுதாதவர் இல்லை. ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளமானது. மற்ற பதில்கள் அதைச் சார்ந்தே நிற்பதால் அதை முதலில் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடையில் ஐந்து ஏக்கர் சம்பா செய்கிறேன். வெயிலில் நாள் முழுவதும் வயலில் நின்றபோதெல்லாம் வராத படபடப்பு, அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவித்துவிட்டுக் காத்திருந்த பன்னிரண்டு நாட்களில் வந்தது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும், வயிறு எரியும், எதற்கெடுத்தாலும் கோபம் வரும். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள், இதயத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு ஏன் இப்படி ஆனது?
(விவசாயி, திருவாரூர் மாவட்டம்)

பதில்: சும்மா உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உடல் அந்தப் பன்னிரண்டு நாட்களில் ஒரு பொழுதுகூடச் சும்மா இருந்திருக்காது.

களத்தில் வைக்கோலை வாரும்போது அடியில் நல்ல பாம்பு தலையைத் தூக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பாம்புதான் என்று மனம் உறுதி செய்வதற்கு முன்பே கால் பின்னால் போயிருக்கும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை, ஆபத்தில் தாமாகவே இயங்கும் பரிவு நரம்புகள் தூண்ட, சில நொடிகளில் அட்ரினலின் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்த சர்க்கரையை வெளியே விடுகிறது. ஒரு வாய்க்காலை அடைத்து இன்னொன்றுக்குத் தண்ணீரைத் திருப்புவது போல, வயிற்றுக்கும் குடலுக்கும் போய்க்கொண்டிருந்த இரத்தம் தொடைக்கும் கைக்கும் திருப்பிவிடப்படுகிறது. எதிர்த்து நிற்பதற்கோ ஓடித் தப்புவதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கினார்.

இதற்குப் பின்னாலேயே இன்னொரு ஓட்டம் மெதுவாகக் கிளம்புகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்ப, பிட்யூட்டரி மீண்டும் அட்ரினலுக்கே செய்தி அனுப்ப, அதன் வெளிப்பகுதி கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இது உச்சத்தை எட்ட இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். இரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வதும், செரிமானம், நோயெதிர்ப்பு, இனப்பெருக்கம் போன்ற ஆற அமரச் செய்ய வேண்டிய வேலைகளைத் தள்ளிப்போடுவதும் கார்டிசாலின் பொறுப்பு. போதுமான அளவு சுரந்ததும் அதே கார்டிசால் மூளைக்குப் போய்ச் சேர்ந்து, இனி வேண்டாம் என்று மதகை இறக்கிவிடும். பாம்பு வேலிக்குள் போய் மறைந்தால், சற்று நேரத்தில் நீங்கள் பழைய ஆளாகிவிடுவீர்கள்.

வயல் வேலையின் கடுமையை உடல் தாங்கிக்கொள்வதற்கும் இதுதான் காரணம். அந்த வேலைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, வெளியே விடப்பட்ட சர்க்கரையைத் தசைகள் எரித்துவிடுகின்றன, பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போகிறோம். கொள்முதல் நிலையத்தின் வாசலில் இவற்றில் ஒன்றுமே இல்லை. எடை போடும் நாள் எது என்று யாரும் சொல்வதில்லை. வானம் மூடிக்கொண்டு நிற்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி தலைக்கு மேல் தொங்குகிறது. பாம்பு போகவும் இல்லை, முன்னால் வரவும் இல்லை. மதகை இறக்கலாம் என்ற செய்தி கிடைக்காத மூளை அதைத் திறந்தே வைத்திருக்கிறது.

மாண்ட்ரியல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் செலியே 1936-இல் எலிகளிடம் ஒன்றைக் கண்டார். குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், ஒவ்வாத மருந்தைச் செலுத்தினாலும், துன்பம் நீடித்த எலிகளிடம் ஒரே மாதிரியான மூன்று மாற்றங்கள் இருந்தன: அட்ரினல் சுரப்பி வீங்கியிருந்தது, நோயெதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுருங்கியிருந்தது, வயிற்றில் புண் இருந்தது. ஆனால் உங்கள் கேள்விக்கு அதைவிட நெருக்கமான விடை, 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ஜே வைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் செய்த சோதனைகளில் இருக்கிறது. இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு மின்னதிர்ச்சி, ஒரே நேரத்தில். ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சி வருவதற்குச் சற்று முன் ஓர் ஒலி கேட்கும். மற்றதற்கு ஒலி எப்போது கேட்கும் என்பதற்கும் அதிர்ச்சி எப்போது வரும் என்பதற்கும் தொடர்பே இருக்காது. முன்னறிவிப்பு கிடைத்த எலிக்கு வயிற்றுப் புண் மிகக் குறைவு. பட்ட வலி ஒன்றுதான். எப்போது வரும் என்று தெரிந்ததும் தெரியாததும்தான் வேறு. முன்னறிவிப்பு உள்ள எலி ஒலி கேட்காத நேரமெல்லாம் நிம்மதியாக இருக்கலாம். மற்ற எலிக்கு நிம்மதியான நேரம் என்று ஒன்று கிடையாது.

சக்கரத்தைச் சுழற்றி அதிர்ச்சியை நிறுத்த வழி இருந்த எலிகளுக்கும் புண் குறைவாகவே இருந்தது. ஆனால் இங்கே இன்னொன்றையும் அவர் கண்டார்: ஓயாமல் முயன்றும், அந்த முயற்சி பலித்ததா இல்லையா என்ற தகவல் கிடைக்காத எலிகளின் நிலை மோசமாக இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஒரு பெரியவர் நினைவுக்கு வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் உங்களைப் போலவே படபடப்புக்காக வந்தவர். சட்டையின் வலது கை முழங்கை வரை உமித்தூசு படிந்திருந்தது. என்ன இது என்று கேட்டேன். தார்ப்பாயைத் தூக்கி, குவியலுக்குள் கையை விட்டு, நெல்லில் சூடு ஏறியிருக்கிறதா, முளை கிளம்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்றார். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்றதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கையை விட்டுப் பார்ப்பதால் நெல் காயப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் எதையாவது செய்யாமல் அவரால் இருக்க முடியவில்லை.

ஆகவே அடுத்த போகத்துக்கு என்னுடைய யோசனை, உங்கள் கைக்கு எட்டியவரை காத்திருப்புக்கு நேரங்களை ஏற்படுத்துவது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று வைத்துக்கொண்டு அப்போது மட்டும் வரிசை நிலவரத்தைக் கேளுங்கள், அப்போது மட்டும் குவியலைப் பாருங்கள். பக்கத்துக் குவியல்காரர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து இரவுக் காவலை முறை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு முறை வைக்கத் தெரிந்த ஊர்களுக்கு இதை நான் கற்றுத்தர வேண்டியதில்லை. முறை இல்லாத இரவில் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் டீயைத் தவிருங்கள். டீயிலுள்ள காஃபீனில் பாதி அளவு உடலை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், காத்திருக்கும் இடங்களிலோ டீக்கடைதான் பொழுதுபோக்கு. படுக்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, நாளை செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிவிட்டால் தூக்கம் சற்று விரைவாக வருகிறது என்பதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கிறது. மனதை அமைதியாக்கு என்றால் மனம் கேட்பதில்லை. மூச்சை நீட்டினால் இதயம் கேட்கிறது.

இவையெல்லாம் நீங்கள் செய்யக்கூடியவை. ஆனால் இந்தச் சுமை முழுவதையும் உங்கள் தலையிலேயே வைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. எந்த நாளில் எந்த வரிசை எண் வரை எடை போடப்படும் என்று ஒரு பலகையில் எழுதி வைத்து, தாமதமானால் அதையும் எழுதி வைத்தால், ஒரு மூட்டைகூடக் கூடுதலாகக் கொள்முதல் ஆகாவிட்டாலும், வாசலில் படுத்திருப்பவர்களில் பலருக்கு அன்றிரவு தூக்கம் வரும். ஒரு மருத்துவனாக இதைச் சொல்கிறேன்: தேதி சொல்வதும் சிகிச்சைதான்.

கேள்வி: என் மாமியாருக்கு மறதி நோய். படுக்கையிலேயே இருக்கிறார். மூன்று ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அரிவாள்மனையில் பட்டு விரலில் விழுந்த ஒரு சிறு வெட்டு ஒன்றரை மாதமாகியும் முழுவதும் ஆறவில்லை. சர்க்கரை இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. கவலைக்கும் காயத்துக்கும் தொடர்பு உண்டா, அல்லது இது என் கற்பனையா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: கற்பனை இல்லை, சகோதரி. உங்கள் நிலையில் இருந்த பெண்களைக் கொண்டே இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் உடன் பணியாற்றியவர்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு அது. மறதி நோய் கொண்ட உறவினரைக் கவனித்து வந்த 13 பெண்களையும், அதே வயதும் ஒத்த வருமானமும் உடைய, அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களையும் எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயத்தை மருத்துவ முறைப்படி ஏற்படுத்தி, அது ஆறும் நாட்களை எண்ணினார்கள். பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாட்களில் ஆறிய காயம், கவனித்துவந்த பெண்களுக்கு ஆறுவதற்கு ஏறக்குறைய 49 நாட்கள் ஆனது.

காரணம் முதல் பதிலில் சொன்ன கார்டிசால். காயம் பட்டவுடன் அந்த இடம் சிவந்து, சூடேறி, வீங்குகிறதே, அது பழுது பார்ப்பதற்கு ஆட்கள் வந்து இறங்குவதன் அடையாளம். கார்டிசால் அந்த வீக்கத்தை அடக்கிவிடுகிறது. ஆஸ்துமாவுக்கு நாங்கள் கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பது இந்த அடக்கும் குணத்துக்காகத்தான். அதை நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும் என்று எச்சரிப்பதும் உண்டு. மூன்று ஆண்டுகளாக இரவில் மூன்று முறை எழுந்து, ஒரே கேள்விக்கு இருபது முறை பதில் சொல்லி, படுக்கை விரிப்பை மாற்றிவரும் ஒருவருடைய உடல் மாத்திரை இல்லாமலேயே அந்த வேலையைச் செய்துகொள்ளக்கூடும்.

இருந்தாலும் ஒன்றரை மாதம் ஆறாத புண்ணைக் கவலையின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. தண்ணீரிலேயே இருக்கும் விரல் ஆறாது என்பது எளிய காரணம். இரத்தசோகை இன்னொரு காரணம். உள்ளே துணுக்கு ஏதும் தங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் விரலைக் காட்டுங்கள், தடுப்பூசி போட்டீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

கடிதத்தின் கடைசியில், கணவரின் தம்பி குடும்பம் இரண்டு தெரு தள்ளி இருப்பதாகவும், அவர்கள் வெள்ளிக்கிழமை தோறும் வந்து பார்த்துவிட்டுப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். வந்து பார்ப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. வாரத்தில் ஒரு முழு இரவு, இன்ன கிழமை என்று முடிவு செய்து, அந்தப் பொறுப்பை அவர்களிடம் ஒப்படையுங்கள். முடியும்போது வாருங்கள் என்று சொல்லாதீர்கள், கிழமையைச் சொல்லுங்கள். வியாழக்கிழமை இரவு நமக்குத் தூக்கம் உண்டு என்று தெரிந்தால் செவ்வாய்க்கிழமை இரவையே உடல் வேறு விதமாகத் தாங்கும். இதைக் கேட்பதற்கு உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள், நான் கேட்டதாக இருக்கட்டும்.

கேள்வி: கவலைப்பட்டால் அல்சர் வரும் என்கிறார்களே, உண்மையா?
(வாசகர், மயிலாடுதுறை)

பதில்: செலியேயின் எலிகளைப் பார்த்துப் பல ஆண்டுகள் மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாதான் பெரும்பாலான வயிற்றுப் புண்களுக்குக் காரணம் என்று ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களில் நிறுவினார்கள். 2005-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். வலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குவது அடுத்த பெரிய காரணம். கவலை, இருக்கும் புண்ணை ஆற விடாமல் செய்யலாம், எரிச்சலைக் கூட்டலாம். ஆகவே வயிற்று வலிக்கு மனதை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கிருமி இருந்தால் இரண்டு வார மருந்தில் பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

கேள்வி: 2018 கஜா புயலில் எங்கள் தோப்பில் காய்த்துக்கொண்டிருந்த தென்னை மரங்களில் பாதிக்கு மேல் விழுந்துவிட்டன. மறுபடி வைத்த கன்றுகள் இப்போது நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கார்த்திகை மாதக் காற்றில் கொட்டகையின் தகரம் தடதடத்தால் என் கணவர் எழுந்து தோப்புக்குப் போய்விடுகிறார். வியர்த்துக் கொட்டும், பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவார். அந்த நாட்களில் குடியும் அதிகமாகிவிடுகிறது. புயல் போய் இத்தனை ஆண்டுகள் ஆகியும் இது ஏன்?
(வாசகி, பேராவூரணி)

பதில்: உங்கள் கணவருக்கு அந்த இரவு இன்னும் முடியவில்லை என்று தோன்றுகிறது. அச்சத்தோடு பதிந்த நினைவுகள் மற்ற நினைவுகளைப் போலத் தேதியோடு அடுக்கப்படுவதில்லை. மூளையின் அமிக்டலா என்ற பகுதி அந்த நேரத்துச் சத்தத்தையும் மணத்தையும் இருட்டையும் ஆபத்தோடு முடிச்சுப் போட்டு வைத்துவிடுகிறது. பின்னாளில் அதே சத்தம் கேட்டால், இது அந்த நவம்பர் 16 இல்லை, இது சாதாரணக் காற்று என்று சிந்தனை சொல்லிச் சேர்வதற்குள் அட்ரினலின் ஓடிவிடுகிறது.

அவருடைய துயரத்தில் இன்னொரு பகுதியும் இருக்கிறது என்று நினைக்கிறேன். மனிதர் இறந்தால் நம்மிடம் துக்கம் கேட்கும் வழக்கம் உண்டு, ஒப்பாரி உண்டு, பதினாறாம் நாள் காரியம் உண்டு. அழ வேண்டியவர் அழுது முடிக்க ஊரே சேர்ந்து இடம் கொடுக்கிறது. தென்னம்பிள்ளை என்று பிள்ளைப் பெயர் வைத்து வளர்த்த மரங்கள் ஒரே இரவில் விழுந்தபோது நிவாரணம் பற்றிப் பேசினார்கள், கணக்கெடுத்தார்கள், மரத்தை அறுத்து அப்புறப்படுத்தினார்கள். அவரிடம் துக்கம் கேட்க யாராவது வந்தார்களா?

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர், அவர் தாங்கும் அளவுக்கு மட்டும், அந்த இரவைச் சிறிது சிறிதாகச் சொல்ல வைப்பார். தகரச் சத்தத்தைப் பாதுகாப்பான இடத்தில் மீண்டும் மீண்டும் சந்திக்க வைப்பார். பழைய அச்சம் அழிந்துவிடுவதில்லை. அதன் மேல், சத்தம் கேட்டது, ஒன்றும் நடக்கவில்லை என்ற புதிய பாடம் படிகிறது. போதிய முறை படிந்தால் புதியது முந்திக்கொள்ளும். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. நீங்களாக அவரை உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று வற்புறுத்த வேண்டாம். அவர் தோப்புக்குப் போகும்போது டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கூடவே போங்கள். நிற்கிற கன்றுகளை இருவரும் எண்ணிவிட்டுத் திரும்புங்கள். முடிச்சை அவிழ்க்க அதுவும் ஒரு வழி.

குடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மது மூளையைச் சில மணி நேரம் மந்தமாக்கும், அதனால்தான் பலனளிப்பது போல் தோன்றுகிறது. அது இறங்கும்போது பின்னிரவுத் தூக்கம் கலைந்து, மறுநாள் பதற்றம் கூடுகிறது. ஆனால் நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பு வரவும், புத்தி தடுமாறவும் வாய்ப்பு உண்டு. கோயிலில் சத்தியம் வாங்கி நிறுத்த வைப்பதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மன அழுத்தமும் மனச்சோர்வும் ஒன்றா? எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?
(ஆசிரியர், நாகப்பட்டினம்)

பதில்: பேச்சு வழக்கில் இரண்டையும் மன அழுத்தம் என்றே சொல்லிவிடுகிறோம். செய்தித்தாள்களும் அப்படியே எழுதுவதால் பெரும் குழப்பம் உண்டாகிறது. அழுத்தம் என்பது வெளியிலிருந்து வரும் சுமைக்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினை. சுமை இறங்கினால் பெரும்பாலும் அதுவும் இறங்கும். மனச்சோர்வு ஒரு நோய். பொழுதின் பெரும்பகுதி, ஏறக்குறைய நாள்தோறும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் மனம் சோர்ந்திருப்பதோ, எதிலும் நாட்டம் இல்லாமல் போவதோ அதன் முதல் அடையாளம். அதனுடன் தூக்கமும் பசியும் கெடும், உடல் களைக்கும், தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம் வரும். நெல்லுக்குப் பணம் வந்து, கடன் அடைந்து, அதன் பிறகும் ஒருவர் திண்ணையைவிட்டு எழவில்லை என்றால் அது அழுத்தம் என்ற சொல்லுக்குள் அடங்காது. நீண்ட அழுத்தம் சிலரைச் சோர்வில் கொண்டுவிடுவதும் உண்டு.

சாவைப் பற்றிய பேச்சு வந்தால் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அன்றே அப்புறப்படுத்தி, வேறொருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். அந்த உந்துதல் பெரும்பாலும் சிறிது நேரமே உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் மருந்து கைக்கு எட்டாமல் இருப்பதே ஓர் உயிரைக் காக்கும். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை அது. தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் உண்டு.

கேள்வி: பாபநாசம் பக்கத்தில் என் அப்பா கரும்பும் நெல்லும் போடுகிறார். மனக்கணக்கில் கெட்டிக்காரர். ஆனால் கரும்பு வெட்டுக்கு முந்தைய மாதங்களில் நேர்மாறாக ஆகிவிடுகிறார். நகைக்கடன் வட்டிக்கான தேதியைத் தவறவிட்டார். அதைச் சமாளிக்கக் கந்து வட்டிக்கு வாங்கினார். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாளையும் மறந்தார். நான் கோயம்புத்தூரில் வேலை செய்கிறேன். கோபத்தில் தொலைபேசியில் கத்திவிட்டேன். அவருக்கு அறுபத்தொரு வயது. மறதி நோயின் தொடக்கமாக இருக்குமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தம்பி, வெட்டுக்கு முந்தைய மாதங்களில் மட்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் பிடித்துக்கொள்கிறேன். மறதி நோய்க்குச் சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவு எப்போது வரும் என்று தெரியாது.

2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நம் மாநிலத்துக் கரும்பு விவசாயிகளிடமே நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 ஊர்களில் 464 விவசாயிகளைச் சந்தித்தார்கள். ஒருவரையே வெட்டுக்கு முன் ஒரு முறை, வெட்டுக்குப் பின் ஒரு முறை உட்கார வைத்து, படங்களில் விட்டுப்போன பகுதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கவனத்தைச் சோதிக்கும் எண் விளையாட்டு ஒன்றையும் கொடுத்தார்கள். கையில் பணம் இல்லாத, நகை அடகில் இருக்கிற, வெட்டுக்கு முந்தைய நாட்களில் அதே மனிதர் தெளிவாகக் குறைவாகவே செய்தார். ஆலைகள் ஊர் ஊராக முறை வைத்து வெட்ட உத்தரவு கொடுப்பதால், ஒரே மாதத்தில் சிலருக்கு வெட்டு முடிந்தும் சிலருக்கு முடியாமலும் இருந்தது. எனவே வெயிலையோ பண்டிகையையோ காரணம் காட்ட முடியவில்லை. நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளந்து பார்த்தார்கள். வெட்டுக்கு முன் மன அழுத்தம் கூடுதலாக இருந்தது உண்மைதான், ஆனால் அறிவுத்திறன் குறைந்ததற்கு அது மட்டும் விளக்கமாகவில்லை. பணக் கவலையே மூளையின் கவனத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, மீதமிருப்பதில்தான் மற்றக் கணக்குகளைப் போட வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

எதிர்ச் சான்றும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில் இப்படி ஒரு வேறுபாடு தெரியவில்லை. சம்பளக்காரருக்குப் பணம் வரும் தேதி தெரியும், கரும்பு போட்டவருக்குத் தெரியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே.

உங்கள் அப்பாவிடம் அந்த மாதங்களில் கவனமாக இருங்கள் என்று சொல்வதில் பயனில்லை. அவரிடம் அப்போது மிச்சமில்லாததே அதுதான். தேதிகளை உங்கள் தலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நகைக்கடன் ரசீதையும், கூட்டுறவு வங்கிப் புத்தகத்தையும், காப்பீட்டுக்கு வேண்டிய சிட்டா அடங்கலையும் பொங்கலுக்கு வரும்போது படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கடைசி நாளுக்கும் பத்து நாள் முன்பாக உங்கள் கைப்பேசி உங்களுக்கு நினைவூட்டும்படி செய்யுங்கள். மாட்டை விற்பது, நிலத்தை ஒத்திக்கு விடுவது, புதுக்கடன் வாங்குவது போன்ற பெரிய முடிவுகள் இனி வெட்டு முடிந்து பணம் வந்த மாதத்தில்தான் என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கத்தியதற்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மகன் கத்துவான் என்ற பயமும் சேர்ந்தால் அடுத்த முறை தவறிய தேதியை உங்களிடம் மறைத்துவிடுவார்.

பணம் வந்து ஒரு மாதம் ஆன பிறகும் கணக்குத் தடுமாறினால், பழகிய கடைத்தெருவில் வழி தவறினால், அப்போது தாமதிக்காமல் அழைத்து வாருங்கள். தைராய்டையும் பி12-ஐயும் முதலில் பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசிப்போம்.